பிள்ளையை எங்கே இருத்துகிறீர்கள்? திருகோணமலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், ஐந்து வலயக் கல்வி அலுவலகங்களில் இருப்போருக்கும்,

வணக்கம்.

முதலாந் தவணை தொடங்கும் நாளில் ஒரு வேலை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. வகுப்பாசிரியர் இடாப்பைக் கையில் எடுப்பார். உயரமான பிள்ளைகள் பின்னுக்கு, கட்டையான பிள்ளைகள் முன்னுக்கு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். ஓயாமல் கதைக்கிற இரண்டு பேரைப் பிரித்துவிட்டால் வேலை சரி. பிறகு நேரசூசி, பாடப்புத்தகம், சீருடைத் துணி என்று ஆயிரம் அலுவல்கள் வந்துவிடும். அந்த அரை மணித்தியாலத்தில் எங்கே இருத்தப்பட்டதோ, பெரும்பாலான பிள்ளைகள் ஆண்டு முடியும்வரை அங்கேதான் இருக்கிறார்கள். அதைப்பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் படிப்பித்தவன். பிறகு சேவைக்கால ஆசிரிய ஆலோசகராக நகரத்திலும் கிராமத்திலும் வகுப்புகளைப் பார்த்துத் திரிந்தவன். ஆலோசகர் வந்தால் அவருக்குப் பின்சுவரோடுதான் கதிரை போடுவார்கள். அதில் ஒரு வசதி இருந்தது. கடைசி வரிசைப் பிள்ளை எந்த வகுப்பைப் பார்க்கிறதோ அதையே நானும் பார்த்தேன். பலகையின் கீழ்ப்பகுதி அங்கிருந்து தெரியாது. முன்னால் உள்ள தலைகள் மறைக்கும். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் பாதிச் சொல் விழாது. நீளக் கட்டடத்தைத் தட்டியால் மறித்து வகுப்புகளாக்கிய பாடசாலை என்றால் இன்னும் மோசம். தட்டியோரப் பிள்ளைக்குப் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் இந்த வகுப்பின் வரலாறும் ஒன்றாகக் கேட்கும். கச்சான் அடிக்கிற மாதங்களில் மேற்குப் பக்க யன்னலால் வரும் வெக்கை ஒரு வரிசையைச் சோர வைக்கும். வாடையோடு மழை வந்தால் அரைச்சுவருக்கு மேலால் தூவானம் அடித்து இன்னொரு வரிசையின் கொப்பியை நனைக்கும். ஒரே அறைதான், ஆனால் இருக்கிற இடத்தைப் பொறுத்து வேறு வேறு வகுப்பு நடக்கிறது.

பாடம் பார்க்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் மேசைகளைப் பெட்டி பெட்டியாகக் கீறிக்கொள்வது என் வழக்கம். ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டால் அந்தப் பெட்டியில் ஒரு கோடு. பிள்ளை தானாகப் பதில் சொன்னால் ஒரு புள்ளி. ஆசிரியர் கிட்டப் போய்க் கொப்பியைப் பார்த்தால் ஒரு வட்டம். ஒருமுறை எட்டாம் தரத்தில் ஒளித்தொகுப்பு நடந்தது. நல்ல ஆசிரியை, இலைகளை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார், பாடமும் சுறுசுறுப்பாகப் போனது. மணி அடித்தபோது தாளைப் பார்த்தேன். முதல் இரண்டு வரிசையும் நடு நிரையும் கோடும் புள்ளியுமாகக் கறுத்துக் கிடந்தன. பின்னால் இரண்டு மூலைகளும் வெள்ளையாக இருந்தன. அந்த நாற்பது நிமிடத்தில் அந்த மூலைகளுக்குக் கிடைத்தது ஒரேயொரு கோடு. அதுவும் "அங்க என்ன சத்தம்?" என்ற கேள்விக்கு. தாளைக் காட்டியபோது ஆசிரியை திகைத்துப்போனார். "நான் எல்லாரையும்தானே கேட்டனான் சேர்!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முன்னால் நின்று பார்த்தால் எல்லோரையும் கேட்டது போலத்தான் இருக்கும்.

இது அந்த ஆசிரியைக்கோ இந்த ஊருக்கோ மட்டும் உரிய விசயமில்லை. அமெரிக்காவில் அடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் வகுப்புகளை ஒளிநாடாவில் பதிந்து பார்த்து, 1970இல் இதையே எழுதினார்கள். ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நடக்கும் பேச்சின் பெரும்பகுதி முன்வரிசையிலும் நடுநிரையிலும் இருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் கிட்டத்தட்டப் பார்வையாளர்கள்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும். "கெட்டிக்காரப் பிள்ளைகள் தாங்களாகவே முன்னுக்கு வருவினம். படிக்க விருப்பமில்லாததுகள் பின்னுக்குப் போகும். இடத்தால் என்ன வந்தது?" இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் அவர்களில் ஒருவர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெரிய விரிவுரை மண்டபம் ஒன்றில், மாணவர்கள் விரும்பிய இடத்தில் இருக்க விடாமல் அவரும் கத்தரின் பேர்க்கின்ஸும் இடங்களைத் தாங்களே ஒதுக்கினார்கள். தவணையின் பாதியில் முன்னால் இருந்தவர்களைப் பின்னுக்கும் பின்னால் இருந்தவர்களை முன்னுக்கும் மாற்றினார்கள். பின்வரிசையைக் கவனிக்க விசேட முயற்சிகளும் எடுத்தார்கள். அப்படியிருந்தும், முதற்பாதியில் பின்னால் இருந்தவர்கள் சித்தியடையாமல் போவதற்கான வாய்ப்பு, முன்னால் தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது. 2005இல் வெளிவந்த ஆய்வு இது. இரண்டு ஆண்டு கழித்து உயிரியல் வகுப்பொன்றில் செய்த ஆய்வில் அப்படி வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே பின்வரிசை என்றாலே தோல்வி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வைமனின் கணக்கில் என்னைப் பிடித்து நிறுத்துவது தவணையின் தொடக்கம். பாதியில் இடம் மாறியும் தொடக்கத்தில் விழுந்தது எழும்பவில்லை. நம்முடைய அரை மணித்தியாலமும் தொடக்கத்தில்தான் வருகிறது.

சரி, நம் ஊரில் முன்வரிசைக்கு யார் வருகிறார்கள்? இது எல்லோருக்கும் தெரிந்த கதை, வெளியில் சொல்வதுதான் இல்லை. தவணை தொடங்கிய முதற்கிழமையில் வகுப்பு வாசலில் சில பெற்றோர் நிற்பார்கள். "மிஸ், பிள்ளைக்குக் கண் கொஞ்சம் மங்கல், முன்னுக்கு விட்டால் நல்லது." சொல்கிறவர் வங்கியில் வேலை செய்வார், அல்லது ஆஸ்பத்திரியில், அல்லது அதே பாடசாலையில். பிள்ளை முன்னுக்கு வந்துவிடும். விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போன கணவன் திரும்புவதைப் பார்த்து நிற்கும் தாய் அந்த வாசலுக்கு வரமாட்டாள். ஹோட்டல் வேலைக்கு நிலாவெளிக்குப் போகிறவளும் வரமாட்டாள். பிள்ளைக்கு உண்மையிலேயே கண் மங்கல் என்றாலும் அது அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரியவேண்டியது நமக்கு. பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைப் பெரும்பாலும் "களவாகப் பார்க்கிறான்" என்று அடையாளப்படுத்துகிறோம். பத்தில் எத்தனை பேருக்குப் பலகை தெரியவில்லை என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து வந்து 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளின் கண், காது எல்லாம் பார்க்கிறார்கள். பார்வைக் குறை உள்ளவர்களின் பெயர் எழுதப்படுகிறது, பெற்றோருக்குக் கடிதமும் போகிறது. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் மேசை மாற்றிய வகுப்பை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். கண்ணாடி வருவதற்கு மாதக்கணக்காகலாம். கதிரை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

பஸ்ஸில் வருகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குச்சவெளிப் பக்கமிருந்தோ தம்பலகாமத்தில் இருந்தோ நகரத்துப் பாடசாலைக்கு வருகிற பிள்ளை, முதல்நாள் ஏழரைக்குச் சற்றுப் பிந்தி வந்தால் மிஞ்சிய இடத்தில்தான் இருக்க வேண்டும். மிஞ்சிய இடம் எப்போதும் பின்னால்தான் இருக்கும். இடையில் வந்து சேருகிற பிள்ளைக்கும் அதே கதி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2006இல் மூதூர் கிழக்கில் இருந்து சனங்கள் இடம்பெயர்ந்தபோதும் வகுப்புகளில் புதிய முகங்கள் வந்தன. எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளைக்கு வகுப்பிலும் கடைசி வாங்கு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, வெறும் இடம் அங்கேதான் இருந்தது. இன்றைக்கும் இடமாற்றம் பெற்று வருகிற உத்தியோகத்தரின் பிள்ளையும், தாய் வெளிநாடு போனதால் அம்மம்மாவிடம் வந்து சேர்ந்த பிள்ளையும் அந்த வாங்கில்தான் அமர்கிறார்கள். வகுப்பில் யாரையும் தெரியாத ஒரு பிள்ளையை எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு இருக்க வைக்கிறோம்.

இவையெல்லாம் கவனக்குறைவால் நடப்பவை. வேண்டுமென்றே நடப்பவை இரண்டு இருக்கின்றன. அவற்றில்தான் எனக்குக் கோபம்.

ஒன்று, புள்ளி வரிசைப்படி இருத்துவது. புலமைப்பரிசில் வகுப்புகளில் இது பச்சையாகவே நடக்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடியவர்கள் முன்னால், தாண்டலாம் என்று நம்பிக்கை உள்ளவர்கள் நடுவில், மற்றவர்கள் பின்னால். மாதாந்தப் பரீட்சை முடிய இடங்கள் மாறும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்த்திருக்க, இரண்டு வரிசை பின்னால் போய் இருக்கிறது. பாடசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு பாடசாலை என்றால்தானே பெயர் சொல்லலாம். இதை ஊக்கம் கொடுக்கும் உத்தி என்று விளக்கிய அதிபர்கள் இருக்கிறார்கள். யாருக்கு ஊக்கம்? ஆசிரியரின் பேச்சும் பார்வையும் எங்கே அதிகமாக விழுகிறதோ, அந்த இடத்தை ஏற்கெனவே புள்ளி எடுக்கிற பிள்ளைக்கே கொடுத்துவிட்டு, உதவி தேவைப்படுகிற பிள்ளையைத் தூரத்தில் வைக்கிறோம். வெளிநோயாளர் பிரிவில் சுகமாக இருக்கிறவரை முதலில் பார்ப்பது போல.

மற்றது, இடத்தைத் தண்டனையாக்குவது. கதைக்கிற பையனைக் கொண்டுபோய்ப் பெண்பிள்ளைகளுக்கு நடுவில் இருத்துவார்கள். வகுப்பு சிரிக்கும். பையன் தலையைக் குனிவான். பெண்பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது ஒரு அவமானம் என்று அந்த நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கும் படிப்பித்துவிட்டோம். பெண்பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிறகு பத்தாம் தரத்தில் குழுவேலை கொடுத்தால் ஆணும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள் என்று முறைப்பாடு வேறு.

இனி, "அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளையும் குழுவாக வட்டமாக இருத்தினால் சரிதானே" என்று யாராவது சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். 1999இல் ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் வந்தபோது விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்று பாடம் மாறியது, மேசைகளும் குழுக்களாகின. 2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் புதிய பாடத்திட்டம் வந்தபோது இடைநிலை வகுப்புகளிலும் குழுச்செயற்பாடு பெரிதாகப் பேசப்பட்டது. நோக்கம் நல்லதுதான். நடந்தது என்னவென்றால், பல வகுப்புகளில் மேசை குழுவாகிவிட்டது, வேலை பழையபடியே இருந்தது. ஆசிரியர் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். குழுவில் பாதிப் பேருக்குப் பலகை முதுகுப்பக்கம். கழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதி, இடையில் எதிரே இருக்கிறவனோடு கதைத்து, பாதி எழுதுவதற்குள் ஆசிரியர் பலகையை அழித்துவிடுவார்.

இங்கிலாந்தில் வெல்டோல் என்பவரும் கூட்டாளிகளும் 1981இல் இதைச் சோதித்தார்கள். 10, 11 வயதுப் பிள்ளைகளை இரண்டு கிழமை குழு மேசைகளில் இருத்தி, அடுத்த இரண்டு கிழமை வரிசையில் இருத்தி, மறுபடியும் குழுவாக்கிப் பார்த்தார்கள். தனித்தனியாகச் செய்யும் வேலையில் பிள்ளைகளின் கவனம் வரிசையில்தான் கூடியிருந்தது. வழமையாகக் கவனம் சிதறுகிற பிள்ளைகளுக்கே வரிசை அதிகம் கைகொடுத்தது. அதேநேரம் ஜெர்மனியில் நாலாந்தரப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு, 1999இல் வெளிவந்தது, வேறொன்றைச் சொல்கிறது. அரைவட்டமாக இருந்தபோது பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்ட கேள்விகள் வரிசையில் இருந்தபோதைவிட அதிகம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. எழுதவும் கணக்குச் செய்யவும் வரிசை நல்லது. கேட்கவும் கதைக்கவும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும். ஒரே பாடவேளையில் இரண்டும் வரும் என்பதுதான் சிக்கல்.

நாற்பத்தைந்து பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கும் நகரத்து வகுப்பில் மேசைகளை இழுத்து அரைவட்டம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். இழுத்தால் கீழ்மாடி வகுப்பில் இருந்து ஆள் வரும். ஆனால் மேசைகளை அசைக்கத் தேவையில்லை. முதலாம், மூன்றாம் வரிசைப் பிள்ளைகள் பின்பக்கம் திரும்பினால் நாலு நாலு பேராகக் குழு வந்துவிடும். ஒரு நிமிட வேலை. கதிரை என்றால் திருப்பிப் போடலாம். வாங்கு என்றால் ஆண்பிள்ளைகள் காலைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டுவிடுவார்கள்; சீருடையோடு பெண்பிள்ளைகளால் அது முடியாது, அவர்கள் எழும்பிப் பின் மேசையின் ஓரத்தால் சுற்றிவந்து இருக்க நேரம் கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் "கெதியா திரும்புங்கோ" என்று கத்தினால் அவர்கள் திரும்பவேமாட்டார்கள், கழுத்தை மட்டும் திருப்புவார்கள். இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த முறை மிக நல்லது. ஆசிரியரோடு ஒரு வசனம் பேச வாய்ப்பில்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறவரோடு பத்து வசனம் பேச வாய்ப்பு வரும். கதிரைக் கால்களின் சத்தத்துக்கு மருந்து பழைய பாட்டா செருப்பு. வெட்டிக் காலுக்கு அடியில் ஆணி அடித்தால் ஒரு ஆண்டாவது நிற்கும்.

இன்னொன்று, ஆசிரியர்களே, நீங்களும் நடக்கலாம். பலகையில் எழுதியதை விளக்கும்போது பின்சுவருக்குப் போய் நின்று விளக்கிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்வரிசைதான் முன்வரிசை.

நெருக்கடி நகரத்தில்தான். வெருகல் பக்கமும் குச்சவெளிக்கு அங்காலும் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளோடு வகுப்புகள் இருக்கின்றன. அங்கேயும் இரண்டு இரண்டாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, பலகையைப் பார்த்து வரிசை! அறையின் பாதி வெறுமையாகக் கிடக்கும், கடைசிப் பிள்ளை பின்சுவரோடு இருக்கும். ஏன் என்று கேட்டால் "அப்படித்தானே சேர் இருத்துறது" என்கிறார்கள். பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு அரைவட்டத்தில் இருத்தினால் பின்வரிசை என்று ஒன்றே இருக்காது. நகரத்துப் பாடசாலை எவ்வளவு காசு கொடுத்தும் வாங்க முடியாத வசதி அது. பயன்படுத்தாமல் விடுகிறோம்.

பிள்ளைகளுக்கிடையே என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஹங்கேரி நாட்டில் 182 வகுப்புகளில், 3ஆம் தரத்தில் இருந்து 8ஆம் தரம் வரையான 2,966 பிள்ளைகளை ஒரு அரையாண்டுக்குக் குலுக்கல் முறையில் இருத்திப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. ஒரே மேசையில் பக்கத்தில் இருந்த இருவர் நண்பர்களாகும் வாய்ப்பு 15 வீதத்தில் இருந்து 22 வீதமாகக் கூடியிருந்தது. ஒரே மாதிரியான பிள்ளைகளுக்கிடையே நட்பு அதிகம் கூடியது உண்மை, அதற்குப் பெருமளவு காரணம் ஆண், பெண் என்ற வேறுபாடு. ஆனால் படிப்பிலும் இனத்திலும் வேறுபட்ட பிள்ளைகளுக்கிடையிலும் நெருங்கும் மனம் வளர்ந்தது. யாரும் நல்லிணக்கம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. பக்கத்தில் இருத்தினார்கள், அவ்வளவுதான்.

திருகோணமலையில் மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டுகிறோம். பாடசாலை மட்டும் பெரும்பாலும் வேறு வேறு. அதை ஒரு வகுப்பாசிரியரால் மாற்ற முடியாது. ஆனால் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கும் பாடசாலைகள் இங்கே இருக்கின்றன. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு நிரை முழுக்க இவர்கள், மற்ற நிரை முழுக்க அவர்கள். "அதுகள் தங்கட ஆக்களோட இருக்கத்தான் விரும்புதுகள்" என்பார் ஆசிரியர். விரும்பும்தான். நகரத்துப் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடும், ரியூசனுக்கு ஒன்றாகப் போகிறவர்கள் ஒன்றாகவும் இருக்கத்தான் விரும்புவார்கள். ரியூசன் கொட்டகையில் நீள வாங்கில் நூற்றுக்கணக்கில் இருந்து, முதல்நாளே தண்ணீர்ப் போத்தலை வைத்து இடம்பிடித்துப் பழகியவர்கள் வேறெப்படி இருப்பார்கள்? பாடசாலையும் அதையே செய்வதென்றால் பாடசாலை எதற்கு?

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரண்டு கிழமைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். முதல் வரிசை கடைசிக்குப் போகட்டும், மற்ற வரிசைகள் ஒவ்வொன்று முன்னுக்கு வரட்டும். அதே நாளில் யன்னலோர நிரை தட்டியோரத்துக்குப் போகட்டும். வெக்கையும் தூவானமும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் எல்லோருக்கும் பங்கிடப்பட்டுவிடும். மாதம் ஒருமுறை சோடியையும் மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையின் இறுதி ஐந்து நிமிடம் போதும். மாணவத் தலைவரே நடத்திவிடுவார். பார்வைக் குறையும் செவிப்புலக் குறையும் உள்ள பிள்ளைகள் முன்னாலேயே இருக்கட்டும், அவர்கள் பக்கத்தில் இருப்பவர் மட்டும் மாறட்டும். இடக்கையால் எழுதுகிற பிள்ளையை வாங்கின் இடது நுனியில் விடுங்கள், முழங்கையால் இடிபட்டுச் சண்டை வருவது நிற்கும். இடையில் வந்து சேருகிற பிள்ளைக்கு நடுவரிசையில் ஒரு இடம் ஒழுங்கு செய்யுங்கள்.

எதிர்ப்பு வரும். பெற்றோரில் இருந்துதான் முதலில் வரும். "போன கிழமைவரை முன்னால இருந்த பிள்ளை, இப்ப ஏன் பின்னால?" என்று கேட்பார்கள். அப்போது அதிபர் ஆசிரியருக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதலாந் தவணைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் கரைச்சல் குறையும். கொரோனா காலத்தில் ஒரு மீற்றர் இடைவெளி என்று சுற்றறிக்கை வந்தபோது மேசைகளையெல்லாம் பிரித்துப் போட்டோம், பிள்ளைகளைப் பாதி பாதியாக வரவழைத்தோம். ஒரு பெற்றோரும் முன்வரிசை கேட்டு வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

பரீட்சை எழுதும் வகுப்புகளுக்கு, அதாவது 11ஆம் தரத்துக்கும் உயர்தரத்துக்கும், இது சரிவராது என்று சில ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வாதம் விளங்கவில்லை. பலகை தெரியாத பிள்ளைக்குச் சாதாரணதர ஆண்டில் மட்டும் பலகை தெரியத் தொடங்குமா?

வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் ஒரு சொல். பாட மேற்பார்வைக்குப் போகிறவர்களின் படிவத்தில் பாடக்குறிப்பு இருக்கிறதா, கற்பித்தல் துணைச்சாதனம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். அதோடு ஒரு வெற்றுக் கட்டமும் சேருங்கள், இருக்கைப்படம் கீறிக் கோடு போடுவதற்கு. அந்தத் தாளைப் புள்ளி போடுவதற்குப் பயன்படுத்தாமல், பாடம் முடிய ஆசிரியரின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள்; வெள்ளையாகக் கிடக்கிற பெட்டிகளைப் பார்த்தால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாகத் தளபாட விசயம். முதுகுப்பலகை இல்லாத கதிரை, நடுவில் துளை விழுந்த மேசை, ஒரு கால் கட்டையான வாங்கு இவையெல்லாம் எந்த வகுப்பிலும் கடைசி வரிசையில்தான் கிடக்கின்றன. முன்வரிசையில் ஒன்று உடைந்தால் அன்றைக்கே பின்னால் உள்ள நல்ல கதிரை முன்னுக்கு வரும், உடைந்தது பின்னுக்குப் போகும். ஒவ்வொரு ஆண்டும் பழுதடைந்த தளபாடங்களின் எண்ணிக்கையைப் பாடசாலைகளிடம் கேட்கிறீர்கள். இந்த முறை அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்றும் ஒரு நிரல் போட்டுக் கேளுங்கள். திருத்துவதற்குக் காசு வரும்வரை, அவற்றில் ஒன்றையாவது ஆசிரியர் மேசைக்குப் பின்னால் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சேவைக்கால ஆசிரிய ஆலோசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.